சைட் சூப்பர்வைசர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: சேலத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கட்டடத்தில் தப்பு நடப்பது பெரும்பாலும் மூடிப்போகிற இடங்களில்தான். அஸ்திவாரத்தின் மேல் மண் தள்ளிவிட்டால் ஆழம் தெரியாது. கான்கிரீட் விழுந்துவிட்டால் கம்பி தெரியாது. டைல்ஸ் ஒட்டிய பிறகு அடியில் ஓடும் குழாய் எந்த வாட்டத்தில் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இவை ஒவ்வொன்றும் மூடப்படுவதற்கு முன்னால் நின்று பார்த்து, எழுதி வைத்து, "சரி, இனி மூடலாம்" என்று சொல்கிற ஆள்தான் சைட் சூப்பர்வைசர். ஆள் கணக்கு, சிமென்ட் மூட்டைக் கணக்கு, ஓயாத போன் எல்லாம் அதற்கு அப்புறம் வருபவை. நடைமுறையில் அவைதான் நாள் முழுவதையும் தின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

சேலம், ஓமலூர், ஆத்தூர் பக்கத்திலோ ஏற்காட்டிலோ இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

படிப்பும் முதல் சைட்டும்

வழக்கமான வழி டிப்ளமோ சிவில். பத்தாம் வகுப்பு முடித்துச் சேர்ந்தால் மூன்று வருடம். பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டு வருடம். பி.இ. முடித்தவர்களும் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். மேஸ்திரி வீட்டுப் பிள்ளைகள் படிப்பில்லாமலே வருவதும் உண்டு. அவர்களுக்கு வேலை கையில் இருக்கும், வரைபடமும் கணக்கும்தான் தடுமாறும். டிப்ளமோக்காரர்களுக்கு நேர் எதிர்.

சம்பளத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் உங்கள் சம்பளத்தை நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால், நீங்கள் மேற்பார்க்கும் கொத்தனார் உங்களைவிட அதிகம் வாங்குவார். அது நியாயம்தான், அவருக்குத் தொழில் தெரியும்.

பெரிய அபார்ட்மென்ட் சைட்டில் இடம் கிடைத்தாலும், முதல் ஒன்றரை வருடத்துக்குத் தனி வீடுகள் கட்டும் சிறு ஒப்பந்ததாரரிடம் போவது நல்லது என்பது என் கருத்து. பெரிய சைட்டில் உங்களை ஒரே மாடியில் கட்டுவேலை பார்க்க நிறுத்திவிட்டால், வருடம் முழுக்க அதையேதான் பார்ப்பீர்கள். தனி வீட்டில் வாஸ்து பார்ப்பது முதல் பெயின்ட் வரை எல்லாமே உங்கள் கண்முன் நடக்கும். சேரும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: எனக்கு எத்தனை சைட், பெட்ரோல் காசு யார் தருவது? கன்னங்குறிச்சியில் ஒன்று, கொண்டலாம்பட்டியில் ஒன்று, ஓமலூரில் ஒன்று என்று கொடுத்துவிட்டால் நீங்கள் வண்டி ஓட்டுவதற்குத்தான் சம்பளம் வாங்குவீர்கள்.

முதல் வாரம்

கையில் வேண்டியவை: ஐந்து மீட்டர் டேப், முடிந்தால் ஒரு முப்பது மீட்டர் டேப், சின்ன ரசமட்டம், தூக்குகுண்டு, நூல், சாக்பீஸ், பாக்கெட் நோட்டு. ஹெல்மெட்டும் ஷூவும் கம்பெனி தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

வரைபடங்களைக் கேட்டு வாங்குங்கள். அப்ரூவல் வரைபடம் வேறு, கட்டுவதற்கான வரைபடம் வேறு, கம்பி விவரம் உள்ள ஸ்ட்ரக்சுரல் வரைபடம் வேறு. ஒவ்வொன்றின் ஓரத்திலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்கும். மேஸ்திரியின் சட்டைப் பையில் மடிந்து கிடக்கும் தாள் பழைய திருத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை வாங்கி வைத்துக்கொண்டு புதியதைக் கொடுங்கள். வீட்டின் ஒவ்வொரு அறையையும் வரைபடத்தோடு நடந்து பாருங்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், எங்கே சன்க்கன் ஸ்லாப் (பாத்ரூம் போன்ற இடங்களில் தாழ்த்திப் போடும் தளம்), எங்கே லாஃப்ட் என்பது பார்க்காமல் சொல்ல வர வேண்டும்.

தினமும் காலையில் ஆட்கள் வருவதற்கு அரை மணி முன்னால் வந்துவிடுங்கள். நேற்று மாலை நீங்கள் போன பிறகு என்ன நடந்தது என்பது அந்த அரை மணியில் தெரிந்துவிடும். ஒன்பதரைக்குள் ஆள் எண்ணிக்கை: கொத்தனார் இத்தனை, பெரியாள் இத்தனை, சித்தாள் இத்தனை, கம்பி வேலை இத்தனை. எழுதி மேஸ்திரியிடம் அப்போதே கையெழுத்து. சனிக்கிழமை சம்பளம் போடும்போது வரும் சண்டைகளில் பாதி, இந்தக் கையெழுத்து இல்லாததால் வருபவை.

பொருள் இறங்கும்போது

கம்பி வந்தால் எடை மேடைச் சீட்டை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 எம்.எம். என்றால் மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு முழுக் கம்பி ஏறத்தாழ 10.66 கிலோ. 8 எம்.எம். முழுக் கம்பி 4.74 கிலோ. எண்ணிப் பெருக்கிப் பாருங்கள். தரக் குறியீடே கொஞ்சம் ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது: 10 எம்.எம். வரை 7 சதவீதம், அதற்கு மேல் 16 வரை 5 சதவீதம். அதைத் தாண்டினால் இன்ஜினியருக்குப் போன் போடுங்கள். லாரிக்காரரிடம் வாதாடிப் பயனில்லை.

எம்-சாண்டும் ஜல்லியும் யூனிட்டில் வரும். ஒரு யூனிட் 100 கன அடி. லாரியின் உள்நீளம், அகலம், உயரம் மூன்றையும் டேப் போட்டு அளங்கள். மேலே குவித்திருப்பதைக் கண்ணால் பார்த்து ஏமாற வேண்டாம், ஓரத்தில் உயரத்தை எடுங்கள். சிமென்டில் மூட்டையின் மேல் அச்சடித்த, தயாரித்த வாரத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் தளத்துக்குப் போடக் கூடாது. தரையிலிருந்து பலகை மேல், சுவரைவிட்டு விலக்கி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கச் சொல்லுங்கள்.

மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைப்பதால் நம் ஊரில் ஃபிளை ஆஷ் கல் அதிகம் புழங்குகிறது. இரண்டு கல்லைத் தட்டிப் பார்ப்பது, விளிம்பு உதிர்கிறதா என்று பார்ப்பது போதாது. புதிதாக வார்த்த கல் சரியாக நீராறாமல், அதாவது போதிய நாள் ஈரத்தில் இருந்து இறுகாமல் வந்துவிடும். வார்த்த தேதியைக் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீரும் பொருள்தான். சேலத்தில் பல இடங்களில் அது கடினமான தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குப் பயன்படும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, பி.எச். 6-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 சொல்லும் அளவு. வேலை தொடங்கும் முன் ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுத்து, தாளை ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள்.

மூடுவதற்கு முன்

மார்க்கிங் அன்று மூலைமட்டத்துக்கு 3-4-5 கணக்கு எல்லோருக்கும் தெரியும்: ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5 வந்தால் மூலை நேர். ஆனால் 3 அடி, 4 அடி என்று சின்னதாகப் பிடித்தால் பிழை பெரிதாகும். இடம் இருந்தால் 9-12-15 அடி பிடியுங்கள். கடைசியில் இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்த்துவிட்டால் நிம்மதி.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டும்போது சேலத்தில் திடீரென்று பாறை வரும். மனையின் ஒரு பாதியில் பாறை, மறுபாதியில் மண் என்றால் அங்கேயே வேலையை நிறுத்தி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். "பாறைதானேங்க, இன்னும் பலம்தான்" என்று மேஸ்திரி சொல்வார். பாறை மேல் நிற்கும் பில்லர் அசையாது, மண் மேல் நிற்கும் பில்லர் கொஞ்சம் இறங்கும், நடுவில் சுவர் வெடிக்கும். ஏரியோரமாக மண் கொட்டி மேடாக்கிய மனை என்றாலும் இதே எச்சரிக்கை: கொட்டிய மண்ணைத் தாண்டி அசல் மண் வரை போயாயிற்றா என்று குழிக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும். மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டக் கூடாது.

கம்பி கட்டி முடித்ததும் பார்க்க வேண்டியவை நிறைய, ஆனால் ஒரு வரிசையில் போனால் எதுவும் விடுபடாது. முதலில் விட்டம். பிறகு இடைவெளி: ஆறு அங்குலம் என்று இருந்தால் ஒரே ஒரு இடைவெளியை அளக்காதீர்கள், ஐந்தடி நீளத்துக்கு டேப் போட்டு பத்து இடைவெளி இருக்கிறதா என்று எண்ணுங்கள். அப்புறம் கவர் பிளாக், அதாவது கம்பி அடியில் ஒட்டாமல் இடைவெளி விட வைக்கும் சின்னக் கட்டை. சாதாரண வீட்டில் தளத்துக்கு 20 எம்.எம்., பீமுக்கு 25, பில்லருக்கு 40, ஃபூட்டிங்குக்கு (பில்லரின் அடித்தளம்) 50. வரைபடம் வேறு சொன்னால் வரைபடம்தான். கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லை வைப்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. வைப்ரேட்டர் ஆடும்போது அது உருண்டுவிடும், கம்பி சென்ட்ரிங் ஷீட்டில் (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுத் தகடு) உட்கார்ந்துவிடும், சில வருடத்தில் தளத்தின் அடியில் துரு ஏறிப் பூச்சு உதிரும்.

லேப் நீளம், அதாவது இரண்டு கம்பியைச் சேர்க்கும்போது ஒன்றோடொன்று இணைந்து போகும் நீளம், வரைபடத்தில் இருக்கும்; 50 மடங்கு விட்டம் என்று இருந்தால் 12 எம்.எம். கம்பிக்கு 600 எம்.எம்., அதாவது இரண்டடி. எல்லா லேப்பும் ஒரே கோட்டில் வரக் கூடாது. பில்லர், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் கொக்கி உள்பக்கமாக மடங்கியிருக்க வேண்டும், எல்லாக் கொக்கியும் ஒரே மூலையில் வராமல் மாறி மாறி வர வேண்டும்.

பால்கனி, சன்ஷேடு போன்ற நீட்டிய தளங்களில் மட்டும் கூடுதலாக ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். அங்கே பாரம் தாங்கும் கம்பி மேலே இருக்க வேண்டும். கட்டும்போது மேலேதான் கட்டுவார்கள். கான்கிரீட் அன்று பாண்டு சுமப்பவர்கள் அதன் மேல் நடந்து நடந்து கீழே இறக்கிவிடுவார்கள். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரித்த அன்று பால்கனி தொங்கும், சில சமயம் விழும். மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி போதிய அளவு வைத்து, நடப்பதற்குத் தனிப் பலகை போட்டால் ஒழிய அந்தப் பக்கம் யாரையும் விடாதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால் உயிர் போகும்.

எலக்ட்ரீஷியன் பைப்பும் ஃபேன் பாக்ஸும் போட்டாயிற்றா, பாத்ரூம் தளத்தில் குழாய்க்கு ஓட்டை விட்டாயிற்றா என்பதையும் பார்த்து, முழுத் தளத்தையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுங்கள். படத்தில் டேப் விரித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் மிக்ஸர் வண்டியை வரச் சொல்லாதீர்கள். வண்டி வாசலில் நின்றுவிட்டால் எந்தத் தப்பையும் "பரவாயில்லை" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

கான்கிரீட் அன்று

ஒரு கணக்கை முந்தின நாளே போட்டு வையுங்கள். முப்பதுக்கு இருபது அடித் தளம், ஐந்து அங்குலக் கனம்: 250 கன அடி, ஏறத்தாழ 7 கன மீட்டர். 1:1.5:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமென்ட் என்றால் 57 மூட்டை. எம்-சாண்ட் ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல், ஜல்லி இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல். பீமுக்கும் சேதாரத்துக்கும் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். சாயந்திரம் காலிச் சாக்கை எண்ணுங்கள். 57 போக வேண்டிய இடத்தில் 48 போயிருந்தால் எங்கேயோ கலவை மெலிந்திருக்கிறது, அல்லது தளம் மெலிந்திருக்கிறது.

பெரிய சண்டை தண்ணீருக்காக வரும். இந்தக் கலவைக்கு ஒரு மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்ச அளவு. தளர்வாக இருந்தால் இழுத்துவிடுவது சுலபம் என்பதால் ஆட்கள் பைப்பைத் திறந்துவிடுவார்கள். பைப்பை எடுத்துவிட்டு, அளவு குறித்த வாளியை வையுங்கள். ரெடிமிக்ஸ் (ஆலையில் கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) என்றால் சலானில் உள்ள நேரத்தைப் பாருங்கள்: ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும் என்பது பொதுவான விதி. வண்டி சேலம் ஐந்து ரோட்டு நெரிசலில் நின்று வந்திருந்தால் டிரைவர் டிரம்மில் தண்ணீர் விடப் பார்ப்பார். விட்டால் அந்த வண்டியைத் திருப்பி அனுப்புகிற துணிச்சல் உங்களுக்கு வேண்டும். முதலாளியிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் துணிச்சல் தானாக வரும்.

இந்த 7 கன மீட்டருக்கு ஐ.எஸ். 456-இன்படி இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். ஒரு மாதிரி என்றால் மூன்று கியூப் (பலம் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டி), 28-ஆம் நாள் சோதனைக்கு. 7-ஆம் நாள் பார்க்க வேண்டுமானால் கூடுதலாக மூன்று. கியூபின் மேல் தேதியும் இடமும் எழுதி, தண்ணீர்த் தொட்டியில் போடுங்கள். வெயிலில் கிடந்த கியூப் எந்தச் சேதியும் சொல்லாது.

ஏப்ரல், மே மாதங்களில் தளத்தை விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும் முன் முடிக்கப் பாருங்கள். கலவையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஜல்லிக் குவியலில் முந்தின இரவே தண்ணீர் தெளித்து வைத்தால் நன்றாக உதவும்.

நீராற்றலும் முட்டுப் பிரிப்பதும்

சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்கோ கடும் வெயிலுக்கோ 10 நாள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி.தான், ஆகவே 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், பில்லருக்கு ஈரச் சாக்கு. ஒவ்வொரு பில்லரிலும் கான்கிரீட் போட்ட தேதியைச் சாக்பீஸில் எழுதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை யார் தண்ணீர் விடுவது என்று சனிக்கிழமையே பெயர் சொல்லிவிடுங்கள்.

முட்டு எடுப்பதற்கு, தள அகலம் 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14. பீம் 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21. இவை சாதாரண சிமென்டுக்கும், வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே போகாத இடத்துக்கும் சொன்னவை. சென்ட்ரிங்காரர் அடுத்த சைட்டுக்கு ஷீட் வேண்டும் என்று ஐந்தாம் நாளே வந்து நிற்பார். அவர் பிழைப்பும் அதுதான், கோபப்பட வேண்டாம். பில்லரில் எழுதிய தேதியைக் காட்டிவிட்டு இன்ஜினியரிடம் பேசச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் வேலை என்றால்

மேலே சொன்ன நாள் கணக்கு மலைக்கு அப்படியே பொருந்தாது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். குளிர்கால இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். அதோடு பி.பி.சி. சிமென்டும் சேர்ந்தால் கான்கிரீட் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். முட்டுகளை எத்தனை நாள் கூடுதலாக விடுவது என்பதை இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பனிமூட்டத்தில் சிமென்ட் மூட்டை இறுகிவிடும், வாரத் தேவைக்கு மேல் ஏற்றி வைக்காதீர்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய லாரி ஏறாது. பல நேரம் அடிவாரத்தில் இறக்கிச் சின்ன வண்டியில் மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அளவை அடிவாரத்தில் ஒரு முறை, சைட்டில் ஒரு முறை. மேலே சைட்டிலேயே கலக்குவதுதான் வழக்கம், மிக்ஸர் பழுதானால் கீழிருந்து ஆள் வர அரை நாள் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் உள்ளூர் ஆட்கள் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள்.

மலைச்சரிவை வெட்டிக் கட்டும் தாங்கு சுவரில் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகளை வரைபடத்தில் உள்ளபடி விட்டு, பின்னால் ஜல்லி நிரப்பியாயிற்றா என்று மண் தள்ளும் முன் பாருங்கள். மழைக்காலத்தில் தாங்கு சுவரைச் சாய்ப்பது பின்னால் தேங்கும் தண்ணீர்தான். பைப் வைத்துவிட்டு உள்பக்கம் மண்ணை நேராகத் தள்ளிவிட்டால் ஒரே மழையில் அடைத்துக்கொள்ளும். ஏற்காட்டில் கட்ட ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழும ஒப்புதலும் தேவைப்படும். அதன் நகல் சைட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள், அதிகாரி வந்தால் முதலில் கேட்பது உங்களிடம்தான்.

ஆட்கள், மேஸ்திரி, வீட்டுக்காரர்

மேஸ்திரியை ஆட்கள் முன்னால் திருத்தாதீர்கள். டீ நேரத்தில் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, அந்த மூலையில ரிங் ரெண்டு குறையுதுங்க" என்று டேப்போடு காட்டினால் அன்றைக்கே சரியாகும். எல்லோர் முன்னாலும் சொன்னால் ஒரு வாரம் வீம்பு. அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடிப்பதை எந்தக் கல்லூரியும் அவரைப் போலச் சொல்லித்தராது. வடமாநில ஆட்கள் இருந்தால் எண்களையும் பொருள் பெயர்களையும் இந்தியில் தெரிந்துகொண்டாலே பாதி வேலை ஓடும்.

வீட்டுக்காரர் சாயந்திரம் வந்து "தம்பி, இந்த ஜன்னலை ரெண்டடி தள்ளி வெச்சிடலாமா" என்பார். முடியும் என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டாம். "சரிங்க, சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, அங்கேயே வாட்ஸ்அப்பில் எழுதி இருவருக்கும் அனுப்புங்கள்.

ஆறடிக்கு மேல் வேலை என்றால் பெல்ட், சாரப் பலகை கட்டியிருக்கிறதா என்ற பார்வை, ஐந்தடிக்கு மேல் குழி என்றால் பக்கவாட்டு முட்டு, தோண்டிய மண்ணைக் குழியோரத்திலிருந்து ஐந்தடி தள்ளிப் போடுவது, தற்காலிக மின்சாரத்துக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி). இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேலையைத் தொடங்கவிடாதீர்கள். ஆட்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். 1994-இல் தொடங்கிய வாரியம், ஆனாலும் பதியாத சித்தாள்கள் ஒவ்வொரு சைட்டிலும் இருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்தால் அவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து

கம்பி அட்டவணை போடுவது, எம்-புக் (செய்த வேலையின் அளவுப் புத்தகம்) எழுதுவது, எக்செல், ஆட்டோகேட் இந்த நான்கும் வந்துவிட்டால் சைட் இன்ஜினியராகவோ பில்லிங் பக்கமோ மாறலாம். ஓசூர், பெங்களூரு, கோவை பக்கம் போகிறவர்கள் அதிகம். அரசு வேலை நினைப்பு இருந்தால் டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வில் டிப்ளமோ, ஐ.டி.ஐ. நிலைக்கென்று தனித் தேர்வு உண்டு. சைட்டில் இருந்துகொண்டே படிப்பது கடினம், ஆனால் மழைக்காலத்தில் வேலை நிற்கும் நாட்கள் கிடைக்கும்.

அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு பாக்கெட் நோட்டையும் கொண்டு போங்கள். 16 எம்.எம். கம்பி மீட்டருக்கு எத்தனை கிலோ, நீ கடைசியாகப் போட்ட தளத்துக்கு எத்தனை மூட்டை, கியூப் எவ்வளவு காட்டியது, முட்டுகளை எத்தனாவது நாள் எடுத்தாய் என்றுதான் கேட்பார்கள்.